லாரி நிற்க வேண்டிய இடம்

எண்ணூரிலிருந்து வந்த பேருந்து கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டு, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன்.

"லாரி நிக்க வேண்டிய எடத்துல அடுப்ப மூட்டிட்டேன்டி."

"இன்னாக்கா சொல்ற?"

"வூட்டுப் பக்கத்துல காலி எடம் கீதுல்ல, அதுல கத்திரி, வெண்ட போட்டிருந்தேன். உங்க மாமா, 'ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் புடுங்கிடுவேன், இனிமே என் லாரி அங்கதான் நிக்கும்'னுட்டாரு."

"பேஜாரா பூட்ச்சே! நீ இன்னா பண்ண?"

"செடிங்க நடுவுல மூணு கல்லு வெச்சி அடுப்பு மூட்டினேன். எறாவ வதக்கி, கத்திரிக்காய பறிக்கப் பறிக்க அப்டியே கொழம்புல போட்டேன். மனுசன் கத்திகினே வந்தாரு. 'மொதல்ல துன்னு, அப்பால புடுங்கு'ன்னேன்."

"துன்னாரா?"

"அங்கயே குந்திகினு மூணு வாட்டி சோறு வாங்கினாரு."

"அப்பால புடுங்கினாரா?"

"எங்க! வெண்டச் செடி மேலயே கைய கழுவுறாரு. கேட்டா, 'தண்ணி வீணாவக் கூடாது'ங்கிறாரு."

"அப்ப லாரி?"

"தெருமுனைலதான் நிக்கிது. நேத்து அதுல எரு ஏத்திகினு வந்தாரு."