வாசலில் வைத்த மூட்டை

இரவு பதினொன்றரை. கடலோரச் சாலை. கடைசி பஸ் இரண்டு பெண்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பூட்டிய கடைகள்... நடுவில் இவர்களின் செருப்புச் சத்தம் மட்டும்.

போர்வையை இந்தப் பக்கமும் கொஞ்சம் விடுங்களேன். கதை சொல்கிறவளுக்கும் குளிரும்.

இது என் தோழியின் அண்ணிக்கு நடந்தது. ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவருக்கு. நாளுக்குப் பதினாறு அறை, பதினோரு வருடம். அத்தனை மெத்தைக்கு விரிப்பு விரித்தவர், ஒன்றில்கூட ஒரு நிமிடம் தலை சாய்த்ததில்லை. கூட வந்தவள் அவருடைய தங்கை. தையல் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனவள். இரண்டு நாள் லீவு. கடலைப் பார்க்க வேண்டும், தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை, பாவம்.

லாட்ஜில் மாடி அறை. இரண்டு கட்டில், கடலைப் பார்த்து ஒரு ஜன்னல். குளித்தார்கள். தங்கை தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் கட்டிலில் விழுந்தாள்.

"அக்கா, விடியுறப்போ கடல் பாக்கணும். எழுப்பி விடு."

"நீயாவது, எழுந்திரிக்கிறதாவது! மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்புறேன், தூங்கு."

அண்ணிக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஈரத் துண்டுகளையெல்லாம் ஒரு தலையணை உறைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு, கதவுக்கு வெளியே வைத்தார். இங்கே வேலை செய்கிறவளுக்கும் இடுப்பு வலிக்குமே என்ற நினைப்பு. பழக்கதோஷம். அவர் வேலை பார்க்கிற இடத்தில் அழுக்கு மூட்டை வாசலுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்... ஆள் காலி செய்தாயிற்று, அடுத்தவருக்கு அறையைத் தயார் செய்யலாம். இருந்த அசதியில் அது அவருக்கு உறைக்கவே இல்லை. கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்தார்.

எத்தனை மணி இருக்கும், தெரியாது. வராந்தாவில் கீச்... கீச்... என்று சக்கரச் சத்தம். தள்ளுவண்டி. வாசலில் நின்றது. அடுத்த நொடி, காலடி அறைக்குள் கேட்டது. கதவு திறந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. பிளீச்சிங் பவுடர் வாசனை... அதோடு கடல் தண்ணீரில் ஊறிக் கிடந்த துணியின் நாற்றம்.

படார். விரிப்பை உதறுகிற சத்தம். கண்ணைத் திறக்காமலே அண்ணிக்கு எல்லாம் புரிந்தது. ஒரு மூலையைச் செருகியாயிற்று... இரண்டு... மூன்று... நான்கு. தலையணையில் இரண்டு தட்டு. சுத்தமான வேலை. அப்பாடா, இன்றைக்காவது வேறு யாரோ செய்கிறார்களே என்று நினைத்தாராம். அந்த நிம்மதிக்காகத் தன்னை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அப்போ தங்கச்சி எந்தக் கட்டில்ல..." என்று போர்வைக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இருடி. அங்கதான் வரேன்."

காலடி இவர் கட்டிலுக்கு வந்தது. முகத்தின் மேல் ஈர விரிப்பு இறங்கியது. கால்மாட்டில் ஒரு மூலை... இரண்டாவது... கால்கள் அசையவில்லை. தலைமாட்டில் மூன்றாவது... நெஞ்சு அமுங்கியது. நாலாவது மூலைக்குக் கை போகும்போதுதான் அவருக்குக் குரலே வந்தது.

"ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!"

கை நின்றது. இருட்டில் ஒரு பெண் குரல். கோபமே இல்லை. அலுத்துப்போன குரல்.

"மூட்டை வெளிய இருந்துச்சேம்மா..."

ஒரு பெருமூச்சு. பிறகு கீச்... கீச்... தூரமாய்ப் போய்விட்டது.

விளக்கைப் போட்டார். தங்கையின் கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல், தட்டையாக இருந்தது. உருவிப் பார்த்தார். யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. திறந்தால் வாசலில் அதே மூட்டை. அதன் மேல் தங்கையின் நைட்டி, அழகாக மடித்து. தொட்டுப் பார்த்தார்... உடம்புச் சூடு ஆறவில்லை.

போலீஸ் வந்தது. கடலில் ஒரு வாரம் தேடினார்கள். ராத்திரி வேலைக்கு எங்களிடம் ஆளே கிடையாது என்று லாட்ஜ்காரர் அடித்துச் சொன்னார்.

அண்ணி இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறார். போகாமல் முடியுமா, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. காலி மெத்தையைக் கையால் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விரிப்பை விரிக்கிறாராம். மூன்று மூலை வரை ஒன்றுமில்லை. நாலாவதைச் செருகும்போது... சில நாள்... விரிப்புக்கு அடியிலிருந்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

"அக்கா... விடிஞ்சிருச்சா?"