சுவிட்சில் கை வைக்காதீங்க

மயிலாப்பூர் குளத்தருகே நான் ஏறிய பேருந்தில், முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சன்னலோரம் இருந்தவர் சத்தமாகவே சொன்னார்: "எங்க சாரு வூட்லயே சாராயம் காய்ச்சினாருக்கா."

"யாரு, நீ வேல செய்ற அடையாறு வூட்டு இன்ஜினியரா?"

"அவருதான். திராட்ச ரசத்த புளிக்க வெச்சி, குக்கர்ல ஊத்தி, ட்யூப் மாட்டி காய்ச்சிகினு இருந்தாரு. ட்யூப் புட்டுகிச்சு, அடுப்பும் அணஞ்சி போச்சு. நான் உள்ள போறேன், ஒரே ஸ்பிரிட்டு நாத்தம். மனுசன் லைட்டர எடுத்துகினு திரும்பப் பத்த வெக்கப் போறாரு!"

"ஐயையோ! நீ இன்னா பண்ண?"

"லைட்டரப் புடுங்கிட்டு சிலிண்டர மூடினேன். அவரு ஃபேன் போடப் போனாரு. 'சுவிட்சுல கை வைக்காதீங்க சார், சின்னப் பொறி போதும்'னு கத்தினேன். ஜன்னல், கதவெல்லாம் தொறந்துட்டு, அவரயும் வூட்டுக்காரம்மாவயும் மாடிப்படிக்கு இட்டுகினு வந்துட்டேன்."

"உனக்கு எப்டிடி இதெல்லாம் தெரியும்?"

"ஈக்காட்டுத்தாங்கல் பெயின்ட் கம்பெனில ஆறு வருசம் தின்னர் டப்பாவாண்ட நின்னவ நான். ஆவி கண்ணுக்குத் தெரியாதுக்கா, ஆனா நெருப்பக் கண்டா குப்புனு புடிச்சிக்கும்."

"சாரு இன்னா சொன்னாரு?"

அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறுநா காலைல அவரே வந்து கதவத் தொறந்தாரு. 'வாங்க மல்லிகா'ன்னாரு. ஒம்போது வருசமா 'வா, போ'தான்க்கா."