மீனலோசனிக் கப்பலும் என் பெயரும்

அவைக்கு அணிசெய்யும் தலைவர், வெங்காய வணிகர் நெய்னா முகம்மது அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, மடியில் மழலையும் மனத்தில் பெருமையும் சுமந்து வந்த தாய்மார்களே, என்னோடு மூட்டை தூக்கும் துறைமுகத் தோழர்களே, வணக்கம்!

யாரது, "மைக்கப் பிடிச்சுப் பேசுங்க" என்பது? பிடித்துவிட்டேன் அண்ணே. மூட்டை பிடித்த கைக்கு மைக் புதிது.

பதினெட்டு ஆண்டுகள் நாகப்பட்டினத்தையும் சிங்கப்பூரையும் இணைத்த மீனலோசனி நாளை இங்கிருந்து கடைசியாக நாகப்பட்டினம் திரும்புகிறது. நம் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தைக்கு வெங்காயம் தந்தது எது? மீனலோசனி! மணப்பெண்ணுக்குப் பட்டுத் தந்தது எது? மீனலோசனி! இந்த அழகப்பனுக்கு எதைத் தந்தது? அதைச் சொல்லவே மேடையேறினேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்து மூன்றில், என் மனைவி லட்சுமி அதில் வந்தாள். புதுப்பாய் வாங்கி வைத்துவிட்டு, சலவைச் சட்டையோடு தஞ்சோங் பகார் துறைமுக வாசலில் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை!

ஏன்? அவள் கொண்டுவந்த அனுமதிச் சீட்டு கடல்நீரில் நனைந்து எழுத்து அழிந்துபோயிருந்தது. "புருஷன் பேரு என்ன?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். பெயர் சொல்வாளா அவள்? "மதுரைக்குக் கிட்டக்க மலையில இருக்காரே, அந்தச் சாமி பேருங்க" என்றாளாம். சிரிக்கிறீர்களா தாய்மார்களே? சிரியுங்கள். அந்த அதிகாரிக்கு எந்த மலை தெரியும், எந்தச் சாமி தெரியும்?

செய்தி தெரிந்து ஓடினேன். "திருப்பி அனுப்ப உத்தரவு போட்டாச்சு" என்றார்கள். மூன்றாம் நாள் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் அவள். கரையில் நான்.

"பேரச் சொல்லு புள்ள! ஒரு தடவ சொல்லு!"

"ஐயோ, எப்படிங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி வர அவள் துணிந்தபோது குடிநுழைவுச் சட்டம் மாறி, வழி அடைபட்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவனுக்கு மட்டும் உலை வைக்கிறேன். அந்தப் புதுப்பாயை இன்னும் நான் விரிக்கவில்லை. தனிமை கொடியது தோழர்களே, வேறென்ன சொல்ல!

போன மாதம் கடிதம் வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதியிருக்கிறாள். முதல் சொல்லே அழகப்பன்! "இப்ப சொல்லிப் பழகிட்டேன். கேக்கத்தான் நீங்க இல்ல."

தாய்மார்களே, மரியாதை மனத்தில் இருக்கட்டும், பெயர் வாயில் வரட்டும்! இன்றே வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!

நாளை அந்தப் பாயோடு நானும் கப்பலேறுகிறேன். தோழர்களே, வழியனுப்ப வாருங்கள், கையசையுங்கள். என் பெயரை மட்டும் கூப்பிடாதீர்கள். அடுத்து அதை அவள் வாயால்தான் நான் கேட்க வேண்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. போய் வருகிறேன், வணக்கம்!