எழுத்து முடிஞ்ச பொண்ணு

— கடுதாசில உள்ள இங்கிலீசெல்லாம் எனக்கு வேணாம் புள்ள. மாத்திர உண்டா இல்லியா?

— இல்லப்பா. இன்சூரன்ஸ்ல இனிமே அனுமதி தர மாட்டாங்களாம்.

— எப்புடித் தராம இருப்பானுங்க? இம்புட்டு நாளும் தந்தானுங்கள்ல! ஒங்கம்மா கிட்னிய அறுத்து எனக்கு வச்சிருக்கு. மாத்திர போடலைன்னா ஒடம்பு அத ஏத்துக்காதுன்னு டொக்டரே சொன்னாரு. அத எடுத்துச் சொன்னியா?

— தொண்ட வத்துற வரைக்கும் சொன்னேன். கார்மென்ட்ல வேல செய்யிற புள்ளைக்குக் கல்யாணம் ஆகலைன்னாத்தான் தாய் தகப்பனுக்கு இன்சூரன்ஸ். ஆயிட்டா புருஷனுக்குத்தானாம்.

— ஒனக்கு எங்க கல்யாணம் ஆச்சு மதுஷா? தை மாசந்தானே தாலி!

— ஜீவனோட எழுத்து முடிஞ்சிருச்சேப்பா.

— அது வெறும் எழுத்து! ரெஜிஸ்டார் முன்னுக்கு ஒரு கையெழுத்து. நம்ம தோட்டத்து லயத்துல எவனாச்சும் அதக் கல்யாணம்பானா? மேளமில்ல, பந்தலில்ல. நீ இன்னும் நம்ம வீட்டுக் காம்பராவுலதானே கெடக்குற!

— லயத்துக்கு அது கல்யாணமில்ல. அவங்களுக்கு அதான் கல்யாணம். அவசரப்பட்டு எழுத வச்சது யாரு? "பின்னுக்கு எழுதிக்கலாம்ப்பா"ன்னு நான் கெஞ்சுனேனா இல்லியா?

— காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன். கண்ண மூடுறதுக்குள்ள ஒன்ன ஒருத்தன் கையில...

— பேசாதீங்க! ஒங்க பயத்துக்கு நான் கையெழுத்து வச்சேன். இப்ப என்ன செய்ய? கிளினிக்குலயும் அந்த மாத்திர வரலையாம், வெளிய வாங்கச் சொல்றாங்க. என் சம்பளம் முழுசா குடுத்தாலும் காணாது. நாலு நாளைக்குத்தான் மாத்திர இருக்கு, தெரியுமா?

— அப்ப செத்துப் போன்னு சொல்றானுங்க. சரி, எழுத்து முடிஞ்சது அவனுங்களுக்கு எப்புடித் தெரியும்? நம்ம நமுனுகுலைத் தோட்டத்த விட்டு வெளிய யாருக்கும் சொல்லலியே. அந்த ஜீவன் பய வேலதானே?

— அவர இழுக்காதீங்க.

— இழுப்பேன்! மாமன் தொலஞ்சா ஒன் சம்பளம் அவனுக்கு மிஞ்சும்ல? வரட்டும். பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துலயே செருப்பக் கழட்டுறேனா இல்லியா பாரு!

— அவரில்ல. நாந்தாம்ப்பா சொன்னேன்.

— நீயா? அடிப்பாவி! பெத்தவனக் கொல்லவா?

— ஒங்க பேர வெட்டுவாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்! பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் வேணும்னா புருஷன் பேரக் குடுக்கணும்னாங்க, குடுத்தேன். நான் முழுகாம இருக்கேன்.