அவன் வாசித்தது ஜாஸ் இல்லை

எனக்குப் பல் உறுதி. அறுபத்துமூன்று வயதில் ஒன்றுகூட ஆடவில்லை. இருந்தும் பல் டாக்டரிடம் போவதென்றால் எனக்கு ஆகாது. அங்கே காத்திருக்கும் அறையில் எந்நேரமும் கார்னெல் பிட்மனின் சாக்ஸபோன்தான் ஓடும். வங்கிக்கு போன் போட்டுக் காத்திருந்தாலும் அவன்தான். நாலு மாடி ஏறுவதற்குள் லிப்டில் ஒரு முழுப் பாட்டைக் கேட்க வைத்துவிடுவான்.

நீங்கள் இளம் வயது ஆபீசர், உங்களுக்கு ஜாஸ் பழக்கமில்லை என்றீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாஸில் அடுத்த நொடி என்ன வரும் என்று வாசிக்கிறவனுக்கே தெரியக்கூடாது. கார்னெல் வாசித்தது ஸ்மூத் ஜாஸ். அதில் அடுத்த வருஷம் என்ன வரும் என்பதுகூடத் தெரியும்.

நானும் அவனும் இதே கான்சஸ் சிட்டியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூட பேண்டில் அவன் சாக்ஸபோன், நான் டிரம்ஸ். அவன் கலிபோர்னியா போய் நீச்சல் குளம் வைத்த வீடு கட்டினான். நான் இங்கேயே இருந்தேன். டாலிவர் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானக் கச்சேரியை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு மேடையேறலாம். ஆனால் எந்தப் பாட்டு, என்ன வேகம் என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

என் மகள் டெனீஸ் தன் கல்யாணத்தில் முதல் நடனத்துக்குக் கார்னெலின் ரெக்கார்டைப் போட்டாள். பதினைந்தடி தள்ளி அவளுடைய அப்பன் நான் டிரம்ஸோடு உட்கார்ந்திருந்தேன். நான் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அவன் தன் மனைவி வெர்னாவோடு லவுஞ்சுக்கு வந்தான். பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் ஓரம் கருக வாட்டிய மாட்டிறைச்சியைத் தின்றுகொண்டிருந்தேன். கேட்காமலே என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான்.

"என்னடா லூஷியஸ், இன்னும் அதே ஓட்டை டிரம்மைத்தான் தட்டிக்கிட்டு இருக்கியா?"

"வாடா பல் டாக்டர்," என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு எப்போதுமே கோபம் வராது. அவனிடம் எனக்குப் பிடிக்காதவற்றில் அதுவும் ஒன்று. கோட்டுப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினான்.

"நெஞ்சுல ரெண்டு எடத்துல அடைப்பு. வலி வந்தா இதுல ஒண்ண நாக்குக்கு அடியில வைக்கணும். அடுத்த மாசம் அறுக்கப் போறாங்க. அதுக்கப்புறம் ஊத முடியுமோ என்னமோ. அதான் வந்தேன்."

"எதுக்கு?"

"முப்பது வருஷமா நான் வாசிக்கிறது ஜாஸே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற. இன்னிக்கு எதுக்க உக்காந்து கேளு. ஜாஸ்தான்னு தோணுச்சுன்னா வாயத் தொறந்து சொல்லிடு. எனக்கு அது போதும்டா."

"தோணலன்னா?"

"வழக்கம் போல மூஞ்சத் தூக்கி வச்சுக்க."

மேசையில் இருந்த வாத்தியக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெர்னா மட்டும் என் பக்கம் குனிந்து, "மெதுவான பாட்டா எடுங்க, லூஷியஸ். மாடிப்படிகூட ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். நல்ல பெண். என்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

மேடையில் விளக்குச் சூடு அதிகம். "கோட்டக் குடு, மாட்டிட்டு வரேன்," என்று வாங்கிக்கொண்டேன். மேடைக்குப் பக்கத்திலேயே கொக்கி இருக்கிறது. நான் அதைப் பின்னால் ஐஸ் பெட்டி வைக்கும் அறையில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். குப்பி கோட்டுக்குள் இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். மருந்தை எங்கிருந்து எடுத்தான், எங்கே வைத்தான் என்று என் கண்ணாலேயே பார்த்தேனே.

எங்கள் லவுஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவனைச் சோதிக்க வேண்டுமென்றால் பியானோவும் பாஸ் வாத்தியமும் நின்றுவிடும். அவனும் டிரம்ஸும் மட்டும் வாசிக்க வேண்டும். டிரம்ஸ் முடிக்கும்வரை அவன் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்தால் கூட்டம் சிரிக்கும், மறுபடி அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். பொடியன்களுக்கு இரண்டு நிமிஷம் போதும். கார்னெலுக்கு நான் பதினோரு நிமிஷம் கொடுத்தேன். என் கைக்குத் தெரிந்த அதிகபட்ச வேகத்தில்.

முதல் நிமிஷத்திலேயே விழுந்துவிடுவான், மானம் போய் இறங்குவான், அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அவன் விழவில்லை. நான் தாளத்தைத் திருப்பினேன், கூடவே திரும்பினான். நான் நடுவில் ஒரு அடியை விழுங்கினேன், அந்த ஓட்டையில் புகுந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஐந்தாவது நிமிஷத்தில் கூட்டம் எழுந்து நின்றது. சமையல்காரன் கரண்டியோடு வெளியே வந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக அவன் ஒருநாளும் அடுப்பை விட்டு வந்ததில்லை.

எட்டாவது நிமிஷத்தில் கார்னெலின் உதடு நீலம் பாய்ந்தது. வாத்தியத்தை எடுக்காமலே கொக்கியைப் பார்த்தான். கோட்டு இல்லை. பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு என்னிடமிருந்து இரண்டு வேண்டியிருந்தன, மருந்தும் அந்த ஒரு வார்த்தையும். நான் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன்.

பதினோராவது நிமிஷத்தில் முழங்கால் மடங்கி விழுந்தான். அதன் பிறகும் நான் எட்டு அடி வாசித்து முறையாக முடித்தேன். அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

வெர்னா மேடைக்கு ஓடிவந்து, "கோட்டு எங்க? லூஷியஸ், அவரு கோட்டு எங்க?" என்று கேட்டாள்.

"தெரியலயே, வெர்னா," என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிஷமானது. அவனுக்கு ஆறு நிமிஷம்வரை கண் திறந்திருந்தது. நான் பக்கத்தில் மண்டி போட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உதட்டை அசைத்தான். என்ன கேட்கிறான் என்று புரிந்தது. நான் பதில் சொல்லவில்லை. சாகிறவனிடம் பொய் சொல்லக்கூடாது.

ஆக, நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமையால் என்று மட்டும் எழுத வேண்டாம். தராதரத்தைக் காப்பாற்ற யாராவது ஒருவன் இருக்க வேண்டியிருக்கிறது.

பாரில் வேலை செய்யும் பெண் அந்தப் பதினோரு நிமிஷத்தையும் போனில் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்லி நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். உங்கள் உதவியாளர் கால் தட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாது. பழகிய காதுக்குத்தான் தப்பு பிடிபடும். நான் காட்டிக்கொடுக்கிறேன், நீங்கள் அதையும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும்.

நாலு தடவை போட்டாயிற்று, தெரியும். இன்னொரு தடவை போடுங்கள், ஆபீசர். எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பு விட்டிருப்பான்.