ரங்கநாதன் தெருவில் ஒரு ஆள்கூட இல்லை

பிள்ளைகளே, நேற்று அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கேமராவைப் பார்த்து அலறினாள்.

"ஐயோ, ரங்கநாதன் தெருவுல ஒரு ஆள்கூட இல்லடி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த தோழி கேமராவைப் பிடுங்கினாள்.

"இன்னாடி உளர்ற? ஞாயித்துக்கிழம அங்க கால் வெக்கவே இடம் இருக்காதே!"

"நீயே பாரு. எல்லாம் புகையா கீது. ஜவுளிக்கட அண்ணாச்சி, வாசல்ல கூட்டம் சர்ருனு ஓடற மாதிரி வீடியோ கேட்டாரு. நேத்து மூணு மணி நேரம் எதிர்மாடில உக்காந்து எடுத்தேன். இன்னிக்குக் குடுக்கணும்."

"எப்டி வெச்ச?"

"நிமிஷத்துக்கு ஒரு படம். அதுல பாதி நேரம் ஷட்டர் தொறந்திருக்கணும்னு நீதானே சொன்ன? முப்பது செகண்டு வெச்சேன். வெளிச்சத்தக் கொறைக்க லென்ஸு மேல கறுப்புக் கண்ணாடியும் போட்டேன்."

"அட லூசு! அது ரெண்டு செகண்டுக்கு ஒரு படம் எடுக்கறப்போ. முப்பது செகண்டு தொறந்து வெச்சா நடக்கறவங்க மறைஞ்சிடுவாங்க. அசையாம நிக்கறவங்கதான் தெரிவாங்க."

"அப்போ இது யாரு?"

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"கட வாசல்ல கைகூப்பி வணக்கம் சொல்லுமே, அந்தப் பொண்ணுடி."

"அடுத்தத தள்ளு."

தோழி கடைசிவரை தள்ளிக்கொண்டே போனாள்.

"நூத்தியெம்பது படம்டி. எல்லாத்துலயும் நிக்குது. ஒண்ணுலகூட உக்காரல."



"அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாமா?" என்றாள் தோழி.

"கூட்டத்த நாளைக்கு எடுத்துக்கலாம். இத அண்ணாச்சி இன்னிக்கே பாக்கணும். என் வேல போனாலும் பரவால்ல. எறங்கு, வா."