ஊதா தெளித்த காசித்தும்பை

வெயிலுமுத்து: இது என் பூ இல்ல.

ஆபிதா: உங்க பூன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? முதல்ல உக்காருங்க. ஏணி ஏறி வந்து மூச்சு வாங்குது.

வெயிலுமுத்து: உக்கார வரலை. இதைப் பாக்கத்தான் வந்தேன். இது காட்டுத் தும்பை. மழைக்காலத்துல முலுண்ட் மலையடியில தானா கெடக்கும். ஆடுகூடக் கடிக்காது.

காசிம்: ஆடு கடிக்காததைப் பாக்கவா அந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க மாடிக்கு ஏறுனீரு?

வெயிலுமுத்து: நீரு சும்மா இரும் வே. நான் உம்ம வீட்டம்மாகிட்டப் பேசுதேன். உமக்குத் தோல் பை தைக்கதைத் தவிர என்ன தெரியும்?

காசிம்: தைக்கது கைதான. காது சும்மாத்தான் இருக்கு.

ஆபிதா: காட்டுத் தும்பைன்னா ஒத்தை அடுக்குல்லா பூக்கும். பின்னால நீளமா ஒரு வால் இருக்கும். இதைப் பாருங்க. ரோஜா மாதிரி அடுக்கடுக்கா... வெள்ளையில ஊதா தெளிச்சிருக்கு, மைப் பேனாவை உதறுன மாதிரி.

வெயிலுமுத்து: வால் இருக்கான்னு நான் பாக்கணும்.

ஆபிதா: பாருங்க. தொடாம. காய் வெடிச்சிரும்.

வெயிலுமுத்து: யாருகிட்டச் சொல்லுத எம்மா... தண்டு பச்சை. கணுவுல மட்டும் ஊதா ரேகை.

காசிம்: உம்ம செடியில எப்படி இருக்கும்?

வெயிலுமுத்து: அப்படித்தான் இருக்கும்.

ஆபிதா: அப்பம் உங்க பூதான்.

வெயிலுமுத்து: எங்க கெடச்சுது இது? உண்மையைச் சொல்லு. ராத்திரி எவனையாவது என் ஜன்னலுக்கு ஏத்தி விட்டியா?

ஆபிதா: நல்லா இருக்கே கதை. நீங்க குடுத்ததுதான். பக்ரீத் அன்னைக்குச் சாப்பிட வந்தீங்கல்லா, சட்டைப் பையிலேர்ந்து பொட்டலத்தை எடுத்து என் தையல் மெஷின் மேல வச்சு, "இந்தா, நாலு வருஷமாக் கேட்டியே"ன்னு சொன்னீங்க.

வெயிலுமுத்து: அதுவா முளைச்சுது?

ஆபிதா: அதுதான்.

வெயிலுமுத்து: இருக்காது.

ஆபிதா: ஏன் அண்ணாச்சி, நீங்க குடுத்தது முளைக்கக் கூடாதா?

வெயிலுமுத்து: கூடாதுன்னு யாரு சொன்னா... இதுவரைக்கும் யாருக்கும் முளைச்சதில்லை, அதைச் சொல்லுதேன். டீக்கடை பேச்சிராஜாவுக்குக் குடுத்தேன். டியூஷன் எடுக்குற கிருஷ்ணாவுக்குக் குடுத்தேன். ஒருத்தனுக்காவது ஒரு இலை வந்துச்சா? கைராசி வேணும் எம்மா.

காசிம்: சந்துல ஒருத்தனுக்குக்கூடவா கைராசி இல்ல?

வெயிலுமுத்து: இல்லன்னா நான் என்ன பண்ண முடியும்?

ஆபிதா: இப்பம் பேச்சிராஜாவுக்கு முளைச்சிருக்கே. போய்ப் பாக்கலையா? டீக்கடைத் தகரத்து மேல எண்ணெய் டின்ல பூத்துக் குலுங்குது.

வெயிலுமுத்து: எது?

ஆபிதா: இதே பூதான். எனக்குக் குடுத்ததுல ஒரு பிடி அவருக்கும் குடுத்தேன். கோபர்கைரனேயில எங்க மக சஃப்ரீனுக்குக் குடுத்தேன். அவ பால்கனியில பூத்து, அந்த பில்டிங்ல எல்லாப் பொம்பளைகளும் போட்டோ எடுக்காளாம்.

வெயிலுமுத்து: கடல் கழியைத் தாண்டிப் போயிட்டா? யாரைக் கேட்டுக் குடுத்த?

ஆபிதா: எனக்குக் குடுத்த பொருளு. யாரைக் கேக்கணும்?

வெயிலுமுத்து: இது கடையில வாங்குனதுன்னு நெனச்சியா? இது என் பூ. பம்பாயில வேற எங்கயும் கெடையாது.

காசிம்: இப்பம்தான் ஆடு கடிக்காதுன்னாரு.

வெயிலுமுத்து: வே... கேளும். நம்ம சந்து ஸ்மிதா வீட்டுல கணபதி சமயத்துல கௌரி வைப்பாள்லா. மராத்திக்காரங்க இந்தத் தும்பைச் செடியை வேரோட கொண்டாந்து அம்மனா உக்கார வைப்பாங்க. ஒரு வருஷம் அவ மலையிலேர்ந்து கொண்டாந்த காட்டுச் செடி, கரைக்கப் போகும்போது என் வாசல்ல விதையை உதிர்த்துட்டு. அடுத்த மழைக்கு, என் சிவப்பு அடுக்குத் தும்பைக்குப் பக்கத்துலயே அது முளைச்சுது. தேனீ ரெண்டையும் கலந்து விட்டுட்டு. அதுக்கு அடுத்த வருஷம் ஒரே ஒரு செடியில இந்த ஊதா தெளிச்சது வந்துது.

ஆபிதா: உடனே இத்தனை அடுக்கா?

வெயிலுமுத்து: எங்க... ஒத்தை அடுக்கு. நான் விடலையே. ஒத்தையாப் பூத்ததை எல்லாம் பிடுங்கி எறிஞ்சேன். அடுக்கா வந்ததுல மட்டும் விதை எடுத்தேன். வருஷா வருஷம் அதே வேலை. நாலாப்பு தாண்டாதவன், பூவை உண்டாக்கி இருக்கேன். லேசா?

ஆபிதா: லேசுன்னு நான் சொல்லலையே. அதனாலதான நாலு வருஷமா வாசல்ல வந்து நின்னேன்.

வெயிலுமுத்து: அந்த ஸ்மிதாவைப் பாத்துத்தான் இங்க வந்தேன். வருஷா வருஷம் கௌரிக்கு என்கிட்டதான் செடி வாங்குவா. இந்த வருஷம் உன் ஏணியிலேர்ந்து செடியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இறங்குதா. என்னைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போயிட்டா.

ஆபிதா: முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வந்தாளாம். "பாபா வீட்டுல இந்த வருஷம் ஒண்ணுமே இல்ல"ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இங்க வந்தா.

வெயிலுமுத்து: இல்லாம என்ன. மண்ணுக்கு ஓய்வு குடுத்திருக்கேன்.

காசிம்: ஓய்வு எடுக்குற மண்ணுக்கு எதுக்கு வே தினம் தண்ணி ஊத்துனீரு?

வெயிலுமுத்து: யாரு ஊத்துனா?

காசிம்: நீருதான். இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஆடி முச்சூடும் வெறும் பெயிண்ட் டப்பாவுக்குத் தண்ணி ஊத்திட்டு, குனிஞ்சு குனிஞ்சு பாத்தீரு. மழை கொட்டும்போதுகூட.

வெயிலுமுத்து: எலி தின்னுட்டு.

காசிம்: எல்லா டப்பாவுலயுமா?

வெயிலுமுத்து: தாராவி எலி, உம்மகிட்டக் கேட்டுட்டா திங்கும்? இல்லன்னா... கை மாறி...

ஆபிதா: என்னது கை மாறி?

வெயிலுமுத்து: ஒண்ணுமில்ல. வயசாயிட்டு. எதை எங்க வச்சோம்னு தெரிய மாட்டேங்கு.

ஆபிதா: டீ குடிங்க. ஆறிப்போகும்.

வெயிலுமுத்து: இந்தக் காயில எல்லாம் என்ன துணி கட்டியிருக்க?

ஆபிதா: லைனிங் துணி. தைச்சு மிஞ்சுன துண்டு. தொட்டா வெடிக்கிற காய், காத்தடிச்சாக்கூட வெடிக்குது. எல்லாம் கீழ சாக்கடைக்குப் போகுது. அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னப் பை தைச்சு மாட்டிட்டேன். வெடிச்சா பைக்குள்ளயே விழும்.

காசிம்: நான் தோல்ல பை தைக்கேன். இவ தும்பைக்குப் பை தைக்கா. வியாபாரம் அவளுக்குத்தான் நல்லாப் போகுது.

வெயிலுமுத்து: ம்... தேவலை.

ஆபிதா: உங்க வாயிலேர்ந்து தேவலைன்னு வந்துட்டா? காலண்டர்ல குறிச்சு வைங்க.

வெயிலுமுத்து: நான் உள்ளங்கையைக் குவிச்சு ஒவ்வொரு காயா எடுப்பேன். எத்தனையோ தெறிச்சுப் போகும். இது... இது எனக்குத் தோணலை.

காசிம்: இப்பமாவது வந்த விஷயத்தைக் கேளும் வே.

வெயிலுமுத்து: நான் ஒண்ணும் கேக்க வரலை.

காசிம்: சரி, அப்பம் டீயைக் குடிச்சிட்டு இறங்கும். ஏணியில கவனம், மூணாவது படி ஆடுது.

ஆபிதா: சொல்லுங்க அண்ணாச்சி.

வெயிலுமுத்து: என்கிட்ட ஒரு விதைகூட இல்ல எம்மா. இருந்ததை எல்லாம் போட்டுட்டேன். ஒண்ணுகூட வரலை. என் கையால உண்டாக்குன பூ என் வீட்டைத் தவிர எல்லா வீட்டுலயும் பூத்துருக்கு. என் டப்பாவுல மண்ணு மட்டும் கெடக்கு.

ஆபிதா: பேச்சிராஜா கடைக்கு வாரவங்க "இது என்ன பூ?"ன்னு கேட்டா அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா?

வெயிலுமுத்து: என்ன சொல்லுவான். தான் உண்டாக்குனதுன்னு சொல்லுவான். திருட்டுப் பய.

ஆபிதா: "வெயிலுமுத்துத் தும்பை"ன்னு சொல்லுதாரு. சஃப்ரீன் பில்டிங்லயும் அதான் பேரு. அங்க குஜராத்திக்காரி ஒருத்தி அந்தப் பேரைச் சொல்ல வராம அவ பாஷையில "முத்து ஃபூல்", முத்துப் பூன்னு சொல்லுதாளாம். நான் விதை குடுக்கும்போதே பேரைச் சொல்லித்தான் குடுத்தேன். பேரை விட்டுட்டு வளக்காதீங்கன்னு.

வெயிலுமுத்து: ...என் பேரா?

காசிம்: பின்ன, என் பேரையா வைப்பாங்க?

வெயிலுமுத்து: குஜராத்திக்காரி என்னன்னு சொன்னா?

ஆபிதா: முத்து ஃபூல்.

வெயிலுமுத்து: வெயிலையும் சேத்துச் சொல்லச் சொல்லு.

ஆபிதா: சொல்லுதேன். உங்களுக்கு விதையும் தாரேன். ஆனா ஒண்ணு. இனிமே யாரு வந்து கேட்டாலும் குடுக்கணும். நல்லதாக் குடுக்கணும்.

வெயிலுமுத்து: நல்லதுன்னா?

ஆபிதா: நல்லதுன்னா நல்லது.

வெயிலுமுத்து: ...சரி. குடுக்கேன்.

ஆபிதா: இந்தாங்க. நல்லா முத்துனது. பழுப்பு நிறத்துல இருக்கது மட்டும் பொறுக்கி வச்சிருக்கேன்... என்ன அண்ணாச்சி, பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பாக்கீங்க?

வெயிலுமுத்து: சும்மா. ஈரம் இருக்கான்னு.

காசிம்: ஈரத்தை மூக்கு வச்சா பாப்பாங்க?

ஆபிதா: பயப்படாதீங்க. பச்சை விதைதான். நான் வறுக்கலை.

காசிம்: வறுக்கதா? நடுற விதையை எவன் வறுப்பான்?

வெயிலுமுத்து: உனக்கு எப்பம் தெரியும்?

ஆபிதா: பக்ரீத் அன்னைக்கே தெரியும். நானும் உங்களை மாதிரி மோந்துதான் பாத்தேன், எள்ளு வறுத்த வாசம் வந்துது. நீங்க கை கழுவப் போனப்ப, மருமகளை நம்பாம சட்டைப் பையிலயே கொண்டு அலைவீங்களே, அந்த உங்க பொட்டலத்தையும் மெஷின் மேலதான் வச்சிட்டுப் போயிருந்தீங்க. அதை நான் எடுத்துக்கிட்டு, எனக்குக் குடுத்ததை உங்களுக்கே திருப்பி வச்சிட்டேன்.